சர்ட்டிபிகேட்டோடு வராத வீடு

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் குடியிருந்த தோட்டத்தைத் துரைமார் விற்றுவிட்டார்கள். ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு அங்கே கடைகளும் பங்களாக்களும் கட்டப்போவதாகப் பேச்சு. காலமெல்லாம் மரம் சீவிய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கொஞ்சம் நஷ்டஈடு வந்தது. அடுத்த வருஷக் கடைசிக்குள் தோட்டத்தில் சும்மா கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் அப்போதுதான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை முடித்திருந்தேன்.

ஈப்போவை ஒட்டி ஜெலாப்பாங் பக்கம் மலிவு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணத்தை அங்கே முன்பணமாகக் கட்டலாம். இல்லையென்றால், ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் நான் ஆஸ்பத்திரி நிர்வாகச் சர்ட்டிபிகேட் படிக்கலாம். இரண்டுக்கும் பத்தாது. எனக்குப் படிக்க ஆசை. அம்மாவுக்கு வீடு வேண்டும்.

"புள்ள பேக்டரி வேலைக்குப் போவட்டும். லயத்துப் பொண்ணுங்க எல்லாம் பேக்டரி பஸ்ஸுல போயிட்டு வரல? மொதல்ல தலைக்கு மேல ஒரு கூரை வேணும்லா" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். "காசு குடுத்து எவனாச்சும் வீடு வாங்குவானா? ஆஸ்பத்திரி வேலை கெடைச்சா வீடு தன்னால வரும். நம்ம டிரெசர் வீடு வாங்குனாரா? ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஜம்முனு குடுக்கல?"

டிரெசர் என்பவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அவருக்குத் தனி வீடு, துரைக்கு மேட்டின் மேல் பங்களா, எங்களுக்கு லயம். வேலை பெரிதானால் வீடும் பெரிதாகும், அவ்வளவுதான் அப்பாவுக்குத் தெரிந்த உலகம். அவர் பிறந்ததே லயத்தில். வாடகை என்று ஒரு காசு எங்கள் குடும்பத்தில் யாரும் கொடுத்ததில்லை. ஆகவே அவர் போட்ட கணக்கு இது: பேக்டரிச் சம்பளமும் ஆஸ்பத்திரி மேசைச் சம்பளமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஆஸ்பத்திரியில் வீடு சும்மா, தண்ணீர் சும்மா. கட்டிய காசு இரண்டே வருஷத்தில் திரும்பிவிடும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. லயத்தில் பிறந்தவள்தானே நானும்.

நஷ்டஈட்டுப் பணத்தைக் கட்டப் போன அன்று கல்லூரியில் டை கட்டிய ஆளிடம் அப்பா சம்பளத்தைப் பற்றி நோண்டி நோண்டிக் கேட்டார். வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. விருந்துக்குப் போகிறவன் இலை போடுவீர்களா என்று கேட்டுக்கொண்டா போவான்?

படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். நோயாளியைப் பதிவது, பில் போடுவது, பைல்களை அடுக்குவது எல்லாம் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தேறினேன். அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிப் போட்டேன், ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. லயத்தைக் காலி செய்யக் கொஞ்ச நாளே இருந்தபோது ஈப்போவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி கூப்பிட்டது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

அங்கே நிர்வாகி ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. பதிவு மேசையில் வேலை என்றார், சம்பளத்தைச் சொன்னார். பேக்டரியை விட ஒரு சல்லிக்காசும் கூடுதல் இல்லை. அப்பா அதற்கெல்லாம் அசரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "வீடு எந்தப் பக்கம்மா குடுப்பீங்க?"

"எந்த வீடு ஐயா?"

"வேலை செய்யறவங்களுக்குக் குடுக்கற வீடும்மா."

அவர் சிரிக்கவில்லை, அந்த மட்டில் புண்ணியவதி. "இங்க அப்பிடி ஒண்டும் இல்லையே, ஐயா. எல்லாரும் வாடகைக்குத்தான் இருக்கினம்."

அப்பா சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டினார். பஸ் பிடித்து லயத்துக்குத் திரும்பினோம். அம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவளோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எங்க போறது?" என்றாள். ஜெலாப்பாங் வீடுகள் அதற்குள் விற்றுத் தீர்ந்திருந்தன. ஒன்றிரண்டு மிச்சம் இருந்திருந்தாலும் கட்டுவதற்குக் கையில் என்ன இருந்தது?

துரைமார் விற்றார்கள், போனார்கள். வெளியே போனால் தூங்குகிற இடத்துக்கும் காசு கொடுக்க வேண்டும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள் என்று எங்களுக்குச் சொல்ல ஒரு நாதி இல்லை.

ஈப்போவில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் பலகை அறை ஒன்று கிடைத்தது. என் சம்பளத்தில் பாதி வாடகை. அம்மா சாப்பாட்டுக் கடையில் தட்டு, மங்கு கழுவப் போனாள். அப்பாவுக்கு டவுனில் யாரும் வேலை தரவில்லை.

முதல் சம்பளத்தை அப்பா கையில் கொடுத்தேன். வாடகையை எடுத்துக்கொண்டு கடை முதலாளியான தவுக்கேயிடம் போனார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"இத மாசா மாசம் குடுக்கணுமாம்மா?"

"ஆமாம்ப்பா."

"எது வரைக்கும்?"

சாகிற வரைக்கும் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது?