நீல சியராவில் உட்கார்ந்திருந்தவள்

டோரீனுக்குப் பொய் சொல்ல வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிச் சொல்லியே எங்கள் தெருவில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டவள் அவள். லௌத் என்ற இங்கிலீஷ் ஊரில் அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் பல வருஷம் குடியிருந்தவன் நான். அவள் நடுங்கி நான் பார்த்தது ஒரே ஒரு சாயங்காலம்தான். சரிந்து கிடந்த அந்தக் காரையும் என் கண்ணாலேயே பார்த்தேன். அதனால் இது கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

1996. நவம்பர் மாதம்.

டோரீனின் புருஷன் ரஸ்ஸல் பட்டாணியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் மெக்கானிக். மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான். டீயைக் குடித்துவிட்டு நேராகக் கார் ஷெட்டுக்குள் போய்விடுவான். அவனுக்கு ரொம்ப நாள் ஆசை ஒன்று. சட்டமும் தகடும் பெட்டி பெட்டியாக வாங்கி, ஒரு பழைய காரைக் கழற்றி அதன் என்ஜின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாவற்றையும் அந்தச் சட்டத்தில் மாட்டி, சொந்தக் கையாலேயே ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் செய்யவேண்டும். பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. கழற்றுவதற்கு ஒரு நீல சியரா கார் கிடைத்தது. ஹார்ன்காஸில் ஊர்ப் பக்கம் ஒரு கிழவர் விற்றார். கதவெல்லாம் துரு. ஆனால் என்ஜின் கல்லு மாதிரி இருந்தது.

"எங்கிட்ட கடைசியா எப்போ இப்படிச் சிரிச்சே?" என்று டோரீன் கேட்டாள், அவன் அந்த என்ஜினைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது.

"உன்னைக் கழட்டிப் பார்க்க முடியாதே, டோரி."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது.

அதற்கப்புறம்தான் அந்தப் பேச்சுச் சத்தம் தொடங்கியது.

காயப்போட்ட துணியை எடுக்கப் பின்பக்கம் போயிருந்தாள். மணி நாலு. அந்த மாதத்தில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். ஷெட்டுக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. உள்ளே ரஸ்ஸல் பேசிக்கொண்டிருந்தான். மெதுவாக. கொஞ்சுகிற குரலில்.

"அவளா? சின்ன உருவம். நல்ல சிவப்பு. பாத்தியானா நீயே மயங்கிடுவே..."

டோரீன் கையில் ஈரத் துண்டோடு அப்படியே நின்றுவிட்டாள். சின்ன உருவம். சிவப்பு. பேக்கரியில் வேலை பார்க்கும் இவான் என்ற பெண்ணுக்குச் செம்பட்டை முடி. டோரீனின் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள். ரஸ்ஸல் உள்ளே நுழைந்தால் பெரிய ரொட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். ரஸ்ஸல் பானெட்டுக்குள் தலையை விட்டு ஒரு குழாயைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

"யார்கிட்ட பேசினே?"

"உன்கிட்டத்தான். வேற யாரு?" கண்ணைச் சிமிட்டினான்.

நக்கலா? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காருக்குள் எட்டிப் பார்த்தாள். டிரைவர் சீட்டை ஸ்டியரிங்கை ஒட்டினாற்போல முன்னுக்கு இழுத்து விட்டிருந்தது. குட்டையான பொம்பளை உட்காருகிற மாதிரி. கண்ணாடி முழுக்க மூச்சுக்காற்றின் ஆவி படிந்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் யாரோ விரலால் வட்டமாகத் துடைத்திருந்தார்கள். வெளியே பார்ப்பதற்கு.

சீட்டைத் தொட்டாள்.

ஜில்லென்று இருந்தது. ஆளே உட்காராத சீட்டு மாதிரி இல்லை. பனியில் வைத்து எடுத்த மாதிரி.

அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாள் பேக்கரிக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கி, இவானை மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்தாள். "உடம்புக்கு ஏதாவது சரியில்லையா அக்கா?" என்று இவான் கேட்டாளாம். அந்த 'அக்கா' இன்னும் எரிச்சல்.

தினமும் நாலு மணிக்குப் பேச்சு. தினமும் அவன் சிரிப்பு. காரில் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. என்ஜின் போனது. கியர்பாக்ஸ் போனது. சக்கரங்கள் போயின. ஆனால் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு வந்தால், மறுநாள் முன்னால் இருக்கும். ரஸ்ஸல் நகர்த்தவில்லை என்றான்.

"பொய் சொல்றான்" என்று என்னிடம் வந்து பொருமினாள். "எவளோ வரா. கையும் களவுமாப் பிடிக்கறேன் பார்."

அந்த வெள்ளிக்கிழமை பிடிக்கவும் போனாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையோடு ஈரப்புல்லில் நடந்து, ஷெட்டின் பக்கவாட்டு ஜன்னலில் முகத்தை வைத்தாள்.

கார் நாலு இரும்பு ஸ்டாண்டின் மேல் நின்றது. பின் அச்சைக் கழற்ற ரஸ்ஸல் அடியில் ஒரு சக்கரப் பலகைமேல் படுத்திருந்தான். அவன் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. க்ரீக்... க்ரீக்... ஸ்பேனர் சத்தம்.

டிரைவர் சீட்டில் ஒருத்தி.

முதுகுதான் தெரிந்தது. தலையில் கட்டிய வெள்ளை ஸ்கார்ஃப். கோட்டுப் போட்ட சின்னத் தோள்கள். அசையவே இல்லை.

இவான்!

டோரீன் கதவை உதைத்துத் திறந்தாள். தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"வெளியே வா! இப்பவே வெளியே வா!"

பயந்துபோன ரஸ்ஸல், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, சக்கரப் பலகையோடு விருட்டென்று வெளியே வழுக்கி வந்தான்.

டங்!

ஸ்டாண்டு சரிந்தது. கார் அப்படியே தரையில் இறங்கியது. அவன் நெஞ்சு இருந்த இடத்தில்.

தூசி அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ரஸ்ஸலின் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் டோரீனைப் பார்த்தான். காரைப் பார்த்தான். மறுபடி டோரீனைப் பார்த்தான்.

"நீ... உள்ளேதானே உட்கார்ந்திருந்தே?"

"நானா?"

"தினமும் நீதானே வர்றே... வந்து உட்காருறே... சளி பிடிச்ச குரல்ல ஒரே கேள்வியக் கேக்கறே..."

"என்ன கேள்வி?"

"'அவ யாரு'ன்னு." அவன் மூலையில் கிடந்த புதுச் சட்டத்தைக் காட்டினான். "நீ புதுக் காரைத்தான் கேக்கறேன்னு நினைச்சேன், டோரி. வண்டியை நாங்க 'அவ'ன்னுதானே சொல்லுவோம். சின்னதா சிவப்பா இருப்பான்னு... நானும் சொல்லிக்கிட்டே..."

டோரீன் மெல்லத் திரும்பிக் காரைப் பார்த்தாள்.

சீட்டில் யாரும் இல்லை.

ஆனால் அமுங்கியிருந்த மெத்தை... மெதுவாக... மேலே எழும்பியது.

யாரோ எழுந்திருக்கிற மாதிரி.

கண்ணாடியில் புதிதாக ஆவி படிந்தது. இந்த முறை டோரீன் நின்ற பக்கம்.

ஒரு விரல் வட்டமாகத் துடைத்தது.

அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. இருட்டுதான்.

"அவ யாரு?"

ரெண்டு பேருக்கும் கேட்டது. காதுக்குப் பக்கத்தில்.

எப்படி வெளியே வந்தார்கள் என்று ரெண்டு பேருக்கும் தெரியாது. என் வீட்டுக் கதவைத் தட்டியபோது டோரீன் காலில் காலுறை மட்டும்தான் இருந்தது. அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நகம் பதிந்து ரத்தம் வந்திருந்தது. விடவே மாட்டேன் என்றாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு நான்தான் போய்ப் பார்த்தேன். கார் சரிந்து கிடந்தது. ஸ்டாண்டு நாலும் முழுசாக இருந்தன, ஒன்றுகூட வளையவில்லை.

பழைய வண்டி உடைக்கிற ஒருவன் திங்கட்கிழமை வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனான். என்ஜினையும் சேர்த்துத்தான். ரஸ்ஸல் புதுச் சட்டத்தையும் யாருக்கோ கொடுத்துவிட்டான். அதற்கப்புறம் அவன் சாயங்காலம் எங்கே போனாலும் டோரீன் கூடவே போவாள். யாரும் கேலி செய்யவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்ததும், மனசு கேட்காமல், காரை விற்ற கிழவருக்கு ரஸ்ஸல் போன் செய்தான். அவர் நடந்ததைச் சொன்னார்.

அது அவர் மனைவி ஓட்டிய கார். அவர் தினமும் சாயங்காலம் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போவார். எங்கே என்று மனைவியிடம் சொல்லமாட்டார். வேறொருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம். காரில் பின்தொடர்ந்து வந்து, விளக்கை அணைத்துவிட்டு, தெருவோரம் உட்கார்ந்து அந்தச் சிநேகிதனின் ஷெட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஒரு ஜனவரியில், அப்படி உட்கார்ந்தபடியே இதயம் நின்றுவிட்டது.

"ஷெட்டுக்குள்ள நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று ரஸ்ஸல் கேட்டான்.

"நீ பண்ணினதைத்தான். ஒரு சின்னக் கார் கட்டிட்டிருந்தோம். அவ பொறந்தநாளுக்கு."

கிழவரே தொடர்ந்தார்.

"அவ செத்த அன்னைக்குத்தான் என் கால் போச்சு தம்பி. நான் அந்தச் சின்னக் காருக்கு அடியில படுத்திருந்தேன். திடீர்னு கதவு திறந்த மாதிரி ஒரு குளிர். யாரோ குனிஞ்சு என்னைப் பார்த்தாங்க. அவதான். ஸ்கார்ஃப் கூடத் தெரிஞ்சுது. 'வந்துட்டியா'ன்னு கேக்கறதுக்குள்ள வண்டி என் மேல இறங்கிடுச்சு. அப்போ மணி ஆறரை."

"அப்புறம்?"

"சிநேகிதன் உதவிக்கு ஆளைக் கூப்பிட வெளியே ஓடினான். அப்பத்தான் தெருவில அவ காரைப் பார்த்தான். கதவெல்லாம் உள்பக்கம் பூட்டியிருந்துச்சு. டாக்டர் வந்து பார்த்துட்டுச் சொன்னார்... அவ நாலு மணிக்கே செத்துட்டாளாம்."