பையில் ஒன்பது நாள்

கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாக மூக்குக்கண்ணாடி பொருத்துகிறவள் அவள். மேசையில் கடுகளவு திருகு ஒன்று தனியாகக் கிடந்தால் போதும், கை தானாகப் போய் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளும். கீழே விழுந்தால் யார் குனிந்து தேடுவது? கடையிலும் சரி, வீட்டிலும் சரி, அவள் கை தவறு செய்யாது என்று பெயர். அந்தப் பாழாய்ப்போன நல்ல பெயர்தான் அவளை அன்றைக்கு வாயைத் திறக்கவிடவில்லை.

கணவனின் அக்கா, அதாவது நாத்தனார், பாய்ப்படகு ஓட்டுவதில் புலி. வயது அறுபத்திரண்டு. வருஷத்தில் ஒரு நாள் உறவும் நட்புமாக நாலு சின்னப் படகுகளில் ஏரிக்குள் கிளம்பிவிடுவார்கள். யார் எந்தப் படகு, எப்போது சாப்பாடு, காற்று எந்தப் பக்கம், எல்லாம் நாத்தனார் சொல்வதுதான்.

அன்றும் அப்படித்தான். நடுத்திட்டில் படகுகளைக் கரையேற்றிச் சாப்பிட்டார்கள். படகின் பின்பக்க அடியில் ஒரு துளை உண்டு. விரல் பருமன் திருகுதான் அதற்கு அடைப்பு; அதைக் கழற்றினால் உள்ளே தேங்கிய தண்ணீர் வடிந்துவிடும். எடுத்த அடைப்பை நாத்தனார் எப்போதும் உட்காரும் பலகைமேல்தான் வைப்பார். பலகையில் அது இருந்தால் துளை திறந்திருக்கிறது, இல்லாவிட்டால் மூடியாகிவிட்டது. முப்பது வருஷமாக அவருக்கு இதுதான் கணக்கு.

சாப்பிட்ட பாத்திரங்களை எடுத்து வைக்க வந்தவள் பலகையில் ஏதோ திருகு கிடப்பதைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. பேச்சு மகளோடு, கை மட்டும் தன் வேலையைச் செய்தது.

நாத்தனார் வந்தார். பலகை காலி. அவளையும் மகளையும் ஏற்றிக்கொண்டு பாயை விரித்துக் கிளப்பினார்.

நடு ஏரியில் கணுக்கால் நனைந்தது. பிறகு முழங்கால். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது அவளுடைய பத்து வயது மகள் தண்ணீரில் விழுந்தாள். மிதவைச் சட்டை போட்டிருந்தாள்தான், ஆனாலும் பெற்ற வயிறு கேட்குமா? நாத்தனார்தான் குதித்துப் பிள்ளையைப் பிடித்தார். பின்னால் வந்த படகு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, நிரம்பிய படகையும் கட்டி இழுத்து வந்தது.

கரையில் படகைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். துளை வாயைப் பிளந்துகொண்டு இருந்தது.

"மூடலையாக்கா?" என்றான் கணவன்.

"மூடினேனே... பலகைல இல்லையே. மூடிட்டேன்னுதான் நெனச்சேன்."

குளிருக்காகப் பைக்குள் கைவிட்டவளின் விரலில் அந்த அடைப்பு தட்டுப்பட்டது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்குள் ஆளுக்கொரு வாய்: போன மாதம் சாவியைத் தொலைத்தாராம், கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னாடியே போய் நின்றாராம். நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நனைந்த தலையோடு அவளிடம்தான் வந்தார்.

"ஒம் பொண்ணு உள்ள இருந்தா... என்னை மன்னிச்சிடும்மா."

அவள் தலையை ஆட்டினாள். மன்னித்துவிட்டாளாம்! இதைவிடக் கேவலம் வேறு உண்டா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாட்கள் ஓடின. நாத்தனார் படகைத் தம்பி பேருக்கே எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ஒன்பதாம் நாள் கணவன் சொன்னான்: "ஞாபக மறதிக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். நீயே அக்காவைக் கூட்டிட்டுப் போயிட்டு வா. ஒன்னாலதான் பொறுமையா இருக்க முடியும்."

போனாள். நாத்தனார் வெளுத்த முகத்தோடு கிளம்பித் தயாராக இருந்தார். மேசையில் ஒரு காகிதம்: டாக்டரிடம் சொல்ல வேண்டிய மறதிகள், தேதி வாரியாக. எட்டு எழுதியிருந்தார். பையிலிருந்த அடைப்பை எடுத்து அந்தக் காகிதத்தின்மேல் வைத்தாள்.

"நான்தாங்க்கா. தெரியாம பைல போட்டுக்கிட்டேன்."

நாத்தனார் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னிக்கே. கரையிலயே."

"ஒம்போது நாளா எம் மூளையை நானே நம்பலைடி" என்றார். குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "டாக்டர் வேணாம். வா, ஏரிக்குப் போலாம்" என்றார்.

வெளியே வந்து பூட்டினார். இழுத்துப் பார்த்தார். நாலு படி இறங்கியதும் நின்றுவிட்டார்.

"நான் பூட்டினேனா? நீ பாத்தியா?"

"பாத்தேங்க்கா. பூட்டினீங்க."

நாத்தனார் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு படியேறிப் போய்ப் பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.