பிரேக் பிடித்தும் நிற்காத சைக்கிள்

இந்த வாரம் எனக்குக் கோபம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... பாதியில் கண்டுபிடித்து, ‘என்ன மேடம், காலங்கார்த்தால இப்படிக் கத்தறீங்க?’ என்று யாரும் கேட்கக் கூடாது.

போன மாதம் தனம் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள்.

தனம் எனக்குப் பக்கத்து வீடு. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. விடியும்போதே அங்கே அடுப்பு பற்றியாக வேண்டும். அந்த நேரத்துக்குத் திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் ஆள் சேரும்வரை டிரைவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். லேட்டாகப் போனால் சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். அதனால் தன்னுடைய பழைய லேடீஸ் சைக்கிளில் மோட்டார் மாட்டிக்கொண்டாள். முன் சக்கரத்தின் நடுவிலேயே உட்கார்ந்துகொள்ளும் ஹப் மோட்டார். கேரியரில் பேட்டரி. ஹேண்டில்பாரில் பைக் மாதிரி முறுக்குகிற ஆக்சிலேட்டர்.

யோசனை கொடுத்தது நான்தான். என் முழங்கால் வேலைநிறுத்தம் அறிவித்ததிலிருந்து நானும் அதே மாதிரி ஒன்றைத்தான் ஓட்டுகிறேன். (‘இன்னும் சைக்கிள்தானா?’ என்று எழுதிக் கேட்கும் வாசகர்களுக்கு: ஆமாம், இன்னும் சைக்கிள்தான்.)

அந்த சைக்கிள் வந்த பிறகு தனத்தைப் பார்க்கவே நன்றாக இருந்தது. யாரையும் கெஞ்சாமல் கிளம்புவாள். யாருக்கும் காத்திருக்காமல் திரும்பி வருவாள். வழியில் மீன்கூட வாங்கி வருவாள்.

அவள் விழுந்தாள் என்று கேள்விப்பட்டதும் பிரெட்டும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போனேன். மணிக்கட்டில் கட்டு. முழங்காலில் சிராய்ப்பு, மருந்து பூசியிருந்தது. ஆனால் அவள் முகம் வாடியிருந்தது அதனால் இல்லை. வாசலில் மாடிப்படிக் கம்பியோடு சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பூட்டியவர், அவள் கணவர் குமார். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்.

“பாருங்கக்கா, நான் அப்பவே சொன்னேன். பொம்பளைங்களுக்கு இந்த மோட்டார் வண்டியெல்லாம் செட் ஆவாது. டிரெய்லர் லாரிக்குப் பின்னாடி போய் வுழுந்துகீறா. கொஞ்சம் மிஸ் ஆயிருந்தா இன்னா ஆயிருக்கும்? என் தோஸ்துக்கு வண்டிய குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம். வூட்ல குந்தட்டும்.”

தெருவில் எல்லோரிடமும் இதையே சொல்லியிருக்கிறார். நான் அவர்கள் வீட்டுக்குப் போவதற்குள் பால்காரர், இஸ்திரிக்காரர் இரண்டு பேரும் ‘தனத்துக்கு ஓட்டத் தெரியலியாமே’ என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

குமார் பயந்துபோயிருந்தார். அது எனக்குப் புரிந்தது. ஆனால் இந்த ஆண்களுக்குப் பயம் வந்தால் அது ஏன் அதட்டலாகவே வெளியே வருகிறது?

நான் தனத்திடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “பிரேக் புடிச்சியா?”

“புடிச்சேன்கா. டிரெய்லர்காரன் டக்குனு நிறுத்திட்டான். ரெண்டு பிரேக்கையும் இறுக்கிப் புடிச்சேன். வண்டி நிக்கல... புடிக்கப் புடிக்க முன்னாடி இழுத்துகினு போவுது. ஹேண்டில ஓரத்து மண்ணுல ஒடிச்சி வுழுந்துட்டேன். சொன்னா நம்ப மாட்டேன்றாரு.”

“பிரேக் புடிச்சா வண்டி எப்டிக்கா இழுக்கும்?” என்று சிரித்தார் குமார்.

எப்படி இழுக்கும்? சொல்கிறேன். பதற்றத்தில் கை பிரேக்கை மட்டும் பிடிக்காது. ஹேண்டிலையும் சேர்த்துத்தான் இறுக்கும். அந்த இறுக்கலில் ஆக்சிலேட்டரும் முறுக்கிக்கொள்ளும். இப்படி ஆகும் என்று தெரிந்துதான், மோட்டாரோடு வரும் பிரேக் பிடிகளில் ஒரு குட்டி ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். கட்-ஆஃப் என்பார்கள். இரண்டில் எந்தப் பிரேக்கைத் தொட்டாலும் மோட்டார் உடனே அணைந்துவிடும். அப்புறம் ஆக்சிலேட்டரை எப்படி முறுக்கினாலும் சரி, சக்கரம் இழுக்காது.

“சாவியக் குடு குமாரு” என்றேன்.

“இன்னாத்துக்குக்கா?”

“குடுன்றேன்ல!”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மாடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. நல்லது, பார்க்கட்டும். ஊர் முழுக்கச் சொன்ன விஷயத்தை ஊருக்கு முன்னாலேயே பார்ப்போமே!

முதலில் என் சைக்கிளைக் கொண்டுவந்து, முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கக் குமாரிடம் சொன்னேன். ஆக்சிலேட்டரை முறுக்கினேன். சக்கரம் உய்யென்று சுற்றியது. முறுக்கியபடியே இடது பிரேக்கைத் தொட்டேன். அது பின் சக்கரத்துக்கான பிரேக். ஆனாலும் முன் சக்கரத்தில் மோட்டார் சத்தம் பட்டென்று அடங்கியது.

அடுத்தது தனத்தின் சைக்கிள். தூக்கினோம். முறுக்கினேன். இடது பிரேக்கைப் பிடித்தேன். முழுதாக, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

பிரேக்கிலிருந்து போகும் மெல்லிய ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். சீட்டுக்குக் கீழே, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் வைத்திருக்கும் சின்னப் பைக்குள் அது முடிந்தது. முடிந்தது என்றால், எதிலும் சேராமல் முடிந்தது. வெட்டி, கறுப்பு டேப் சுற்றி, மடித்துச் செருகியிருந்தார்கள். இன்னொரு பிரேக்கின் ஒயருக்கும் அதே கதி.

குமாரின் சிரிப்பு போய்விட்டது. “அது... நான்தான்கா கட் பண்ணச் சொன்னேன்.”

நடந்தது இதுதான். எண்ணூர் ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? எந்த நேரமும் இரண்டு விரல் பிரேக் மேலேயே இருக்கும். பக்கத்தில் வரும் கன்டெய்னர் லாரி எப்போது ஒதுங்கும், எப்போது நிற்கும் என்று அந்த லாரிக்கே தெரியாது. அந்த ரோட்டில் உயிரோடு வீடு திரும்புகிறவர்களின் பழக்கம் அது. ஆனால் விரல் பட்டுக்கொண்டே இருந்தால் கட்-ஆஃப் அடிக்கடி வேலை செய்யும். வண்டி விக்கி விக்கிப் போகும். ‘வுட்டு வுட்டு இழுக்குது’ என்று தனம் ஒரு நாள் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். மனைவிக்கு நல்லது செய்கிறேன் என்று இவர் அவளுக்குத் தெரியாமல் சைக்கிளை டோல்கேட் ஏரியாவில் மோட்டார் மாட்டித் தரும் கடைக்காரர் சேகரிடம் கொண்டுபோயிருக்கிறார். திருப்பிக் கொண்டுவந்து, ‘சூப்பரா ரெடி பண்ட்டேன், இனிமே பறக்கும்’ என்றாராம். என்ன ரெடி செய்தார் என்று மட்டும் சொல்லவில்லை.

பறந்தது. டிரெய்லரின் பின்பக்கத்தை நோக்கி!

தனம் எழுந்து வந்து அந்த டேப் சுற்றிய ஒயரைப் பார்த்தாள். கத்தவில்லை. நான் கத்தியிருப்பேன்.

“என் வண்டியில கை வச்சிருக்க. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நீ அறுத்து வுட்டுட்டு, என்னை ஓட்டத் தெரியாதவன்னு தெரு பூரா சொல்லிகினு திரிஞ்சிகீற. நான் செத்திருந்தா இன்னா சொல்லியிருப்ப? அப்பவும் எனுக்கு ஓட்டத் தெரியலன்னுதானே?”



மறுநாளே தனத்தையும் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு டோல்கேட் போனேன். சேகர் என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

“ஏன் சேகர் இதைக் கட் பண்ணீங்க?”

“மேடம், இந்தப் பக்கம் எல்லாருக்கும் கட் பண்ணித்தான் குடுக்கறது. இல்லாங்காட்டி வண்டி விக்குது, மோட்டார் டம்மின்னு வந்து பேஜார் பண்றாங்க.”

“வேற வழியே இல்லையா?”

“கீதே. பிடியில கொஞ்சம் டைட்டா ஸ்பிரிங் போட்டா போதும். விரல் சும்மா பட்டா ஆஃப் ஆவாது, அமுத்துனாதான் ஆவும். சின்ன வேலைதான்.”

“அப்போ அதை ஏன் போடல?”

“யாரும் கேக்கல மேடம்.”

வாசகர்களே, எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது அந்தப் பதிலில்தான். யாரும் கேட்கவில்லையாம்! சாப்பிடப் போகிறவன் கேட்டால்தான் சோற்றில் கல் பொறுக்குவார்களா? அன்றைக்கே ஒயரை மறுபடி சேர்த்து ஸ்பிரிங்கும் போட்டுத் தந்தவர், அதே கையால்தான் முன்பு ஒயரை வெட்டியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

சேகரை மட்டும் திட்டி என்ன பயன்? நம்மைத் தடுக்கிற எதுவும் நமக்குப் பிடிக்காது. ஹெல்மெட்டை முழங்கைக்குப் போடுகிறோம். சீட் பெல்ட் கத்தாமல் இருக்க அதை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு உட்காருகிறோம். குமாரிடம் கேட்டேன், “உன் ஃபோர்க்லிஃப்ட்ல ரிவர்ஸ் வந்தா ஒரு சத்தம் வருமே, வருதா?” வானத்தைப் பார்த்தார். அங்கேயும் யாரோ ‘சூப்பரா ரெடி’ பண்ணியிருக்கிறார்கள் போலிருக்கிறது. காப்பாற்றுகிற ஒயரை வெட்டிவிட்டு அதற்கு நாம் வைக்கிற பெயர் அட்ஜஸ்ட்மென்ட். விழுந்த பிறகு வைக்கிற பெயர் விதி. விழுந்தது பெண்ணாக இருந்தால் பெயர் வைக்கக்கூட யோசிப்பதில்லை... ஓட்டத் தெரியவில்லை, முடிந்தது கதை.

தோஸ்துக்கு சைக்கிள் கிடைக்கவில்லை. பூட்டும் சாவியும் இப்போது தனத்தின் டிபன் பையில் இருக்கின்றன. மணிக்கட்டு சரியானதும் அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். குமாரும் முன்பு சொன்ன அதே பால்காரரிடமும் இஸ்திரிக்காரரிடமும் போய், தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். அப்படிச் செய்யச் சொன்னது நான் இல்லை. தனம்தான்.

இப்போது தினமும் கிளம்பும் முன் அவள் ஒரு வேலை செய்கிறாள். முன் சக்கரத்தை ஒரு கையால் தூக்குகிறாள். ஆக்சிலேட்டரை முறுக்கி, பிரேக்கை அமுக்குகிறாள். சத்தம் அடங்கியதும்தான் ஏறி உட்காருகிறாள். நேற்று நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது குமார் வாசலில் பல் தேய்த்தபடி கேட்டார்: “அதான் சரி பண்ணியாச்சே... தெனமும் இன்னாத்துக்கு இந்த டெஸ்ட்டு? வண்டி மேல இன்னும் சந்தேகமா?”

தனம் பெடலில் காலை வைத்தாள்.

“வண்டி மேல இன்னா சந்தேகம்? வூட்ல கீறவங்க மேலதான்.”