நேற்றைப் பற்றி அந்தோணி கேட்கவில்லை

அந்தோணியின் லேபில் சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போனவர்கள் பாதிப் பேர் திட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்பியிருக்கிறார்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் யார் வந்தார்கள்? காபியை இவர்கள் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. கோயிலில் கையில் விழுந்த பொங்கல் பிரசாதத்தைச் சாப்பாடு என்று சொன்னால் பாவம் என்பார்கள். தறிக்காரர்களோ நாலு மணிக்கே டீயும் பன்னும் முடித்துவிட்டு, சூரியன் வந்த பிறகு சாப்பிடுவதுதான் கணக்கு என்று வாதாடுவார்கள்.

"காபி குடிச்சீங்களா?"

"அரை டம்ளர்தாம்பா."

"நாளைக்கு வாங்க."

அவ்வளவுதான். எழுந்து போக வேண்டியதுதான். பக்கத்து மருந்துக் கடை என்னுடையது. என் பெயர் ராஜவேலு. அவன் ஆளைத் திருப்பி அனுப்பினால் எனக்கும் அன்றைக்கு வியாபாரம் போச்சு. "ஒரு வாய் காபிக்கு இவ்வளவு பேசறியே, உருப்படுவியா?" என்று நானும் திட்டியிருக்கிறேன். அவன் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஓரிக்கைக்காரன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். சர்ச்சில் யாரோ உதவி செய்து வேலூரில் லேப் படிப்புப் படித்தான். 1991இல் கடை போட்டபோது எங்கள் தெருவில் முதல் ஆறு மாதம் ஈ ஓட்டினான். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. பிறகு யாரோ ஒருத்தர் இவனிடமும் சென்னையிலும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்து இரண்டு ரிசல்ட் சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ரெண்டு புள்ளிதான் வித்தியாசம். அதிலிருந்து கூட்டம். "அந்தோணி சீட்டு" என்றால் டாக்டர்கள் மறுபேச்சு பேசுவதில்லை.

சும்மா வந்த பெயரில்லை அது. தினமும் காலையில் அளவு தெரிந்த கரைசல் ஒன்றை மெஷினில் விட்டுப் பார்ப்பான். கணக்கு சரியாக வந்தால்தான் ஷட்டரை முழுதாகத் தூக்குவான். எடுத்த ரத்தத்தை அப்படியே வைத்தால் அதிலுள்ள சர்க்கரை மணிக்கு மணி குறைந்துகொண்டே போகுமாம். அதனால் டிபன் வந்தாலும் ஆறவிட்டு ரத்தத்தைத்தான் முதலில் பார்ப்பான். சாப்பிட்ட பிறகு எடுக்கும் ரத்தத்துக்கு, முதல் கவளம் வாயில் போட்ட நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வான். ரெண்டு மணி என்றால் ரெண்டு மணிதான். அந்தச் சீட்டுதான் அவனுக்கு மானம், மரியாதை எல்லாம்.

அவனுக்குப் பிடித்த நோயாளி பாச்சா சார். கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் குடும்பம், ஹைஸ்கூலில் கெமிஸ்ட்ரி வாத்தியார். 1994இல் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மாதம் ஒருமுறை விடியற்காலையில், குளிக்காமல் வருவார். அந்தோணி தொட்ட பிறகு வீட்டுக்குப் போய்த் தலைமுழுகிப் பெருமாளுக்குப் படையல் கண்டருளப்பண்ணி, சாப்பிட்டு, ரெண்டு மணி நேரம் கழித்து மறுபடி வருவார். ஏன் குளிக்காமல் வருகிறார் என்பது அந்தோணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் மட்டும், "உடு பா, சொன்ன டயத்துக்கு வராரு, ஒரு சொட்டுக் காபி கூட குடிக்கல. அது போதும்" என்பான்.

அவர் சீட்டு எப்போதும் பாஸ் மார்க்தான். வெறும் வயிற்றில் நூற்றுக்குப் பக்கம், சாப்பிட்ட பிறகு நூற்று நாற்பது. மற்ற நோயாளிகளிடம் அதைக் காட்டிப் பெருமைப்படுவான். டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். பாச்சா சாரும் காபிக்குச் சர்க்கரையைத் தாராளமாகப் போட ஆரம்பித்தார்.

2001 வைகாசி கருட சேவை. பெருமாளுக்கு முன்னால் பிரபந்த கோஷ்டியோடு பாச்சா சார் வெறுங்காலில் நடந்தார். பெரிய காஞ்சிபுரம் போய்த் திரும்புவதற்குள் வெயில் ஏறித் தார் இளகிவிட்டது. எல்லோரும் ஓரத்து மண்ணில் ஒதுங்கித் தாவித் தாவி நடந்தார்கள். அவர் மட்டும் நடுரோட்டில் நிதானமாகச் சேவித்துக்கொண்டே போனார். பக்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். அவருக்கு உள்ளங்காலில் உணர்ச்சியே இல்லை என்று யாருக்குத் தெரியும்? கொப்புளம் வெடித்துப் புண்ணாகி நாற்றம் வந்த பிறகுதான் வீட்டில் பார்த்தார்கள். சென்னையில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஒரு சோதனை அங்கே செய்திருக்கிறார்கள். அது பயங்கரமாக ஏறியிருந்ததாம். ஆடி முடிவதற்குள் போய்விட்டார்.

அந்தோணி ரெண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ரிஜிஸ்தர்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மெஷின் பொய் சொல்லல பா. எல்லா நாளும் செக் பண்ணிக்கீறேன், எழுதி வெச்சிக்கீறேன். அப்புறம் எப்படி?"

அவன் தேதியைப் படிக்கப் படிக்க, எனக்கு எதுவோ உறுத்தியது. என் வீட்டிலிருந்து பழைய பஞ்சாங்கங்களை எடுத்து வந்தேன். பார்த்தோம். எல்லாம் துவாதசி. ஏழு வருஷமும், ஒரு மாதம் தப்பாமல், ஏகாதசிக்கு மறுநாள் காலை.

முதல் நாள் முழுக்கத் தீர்த்தம் தவிர எதுவும் உள்ளே போகாத மனுஷன். ரத்தத்தில் சர்க்கரை எங்கிருந்து ஏறும்? விரதம் முடிக்கும் சாப்பாடும் அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, பெயருக்குக் கொஞ்சம் சாதம். சீட்டில் இருந்த எண் நிஜம்தான். அந்த ஒரு நாளுக்கு மட்டும் நிஜம். மற்ற நாட்களில் அவர் ரத்தம் எப்படி இருந்தது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

"காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டேன். நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு நாள் கூட கேக்கல பா" என்றான் அந்தோணி. அவனுக்கு ஏகாதசி எது, துவாதசி எது என்று தெரியாது. எனக்குத் தெரியும். அன்றைக்கெல்லாம் என் வீட்டிலேயே அகத்திக்கீரைதான். அவர் என் கடையைத் தாண்டித்தான் போனார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குக் கிளம்பினான். நானும் போனேன். அவர் மனைவி சூடாமணி மாமி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் ஒரு ஃபைல். ஏழு வருஷத்துச் சீட்டும் தேதிவாரியாக அதில் இருந்தது. அந்தோணி வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"நாள் பார்த்துக் குடுத்ததே நான்தான் அந்தோணி. அவருக்குக் காபி இல்லேன்னா தலையை வலிக்கும். ஏகாதசிக்கு மறுநாள்னா எப்படியும் பட்டினிதானே, உங்களுக்காக இன்னொரு நாள் தவிக்க வேண்டாமேன்னு நான்தான் சொன்னேன். அவரும் சரின்னுட்டார். ஒரு தடவைகூட தப்ப விடலை. எல்லாம் நன்னாத்தானே இருந்தது? நாங்க என்ன தப்புப் பண்ணினோம்? இல்லே, உங்க மெஷின்தான் தப்பா?"

அந்தோணி என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"மெஷின்தான் தப்பு மாமி. என்னை மன்னிச்சிடுங்க."

மாமி அழவில்லை. "ஏழு வருஷமாவா?" என்றார். ஃபைலை அவன் காலடியில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வழியெல்லாம் நான் அவனைத் திட்டித் தீர்த்தேன். "உன் பொழப்புலே நீயே மண்ணைப் போட்டுக்கினியே, பைத்தியமா உனக்கு?"

"உண்மை தெரிஞ்சா அந்தம்மா இனிமே எப்படிப்பா சோறு துண்ணும்? அவரு காபி இல்லாம தவிக்கக் கூடாதேன்னு நாள் பாத்தவங்க பா அவங்க. நீ வாயத் தொறக்காத" என்றான். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

மாமி கெட்டவர் இல்லை. இன்னொருத்தர் கால் போகக்கூடாதே என்று நாலு பேரிடம் சொன்னார். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். ஒரு வருஷத்துக்குள் அவன் கடையில் மறுபடி ஈ ஓட்டினான். மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலைக்குப் போனான். அவன் ஷட்டரை மூடிய அன்றைக்கு நான் கடையில் உட்கார்ந்து அழுதேன்.

2004இல் ஒரு நாள் மாமி என் கடைக்கு வந்தார். தனக்கும் சர்க்கரை இருக்கிறதோ என்று டாக்டருக்குச் சந்தேகமாம்.

"ஏதாவது நல்ல லேபா சொல்லுங்கோ. அவன் மாதிரி இருக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை துவாதசி, அன்னிக்கே போயிடறேன்."

கொடுத்த வாக்கு ஒரு பக்கம். எதிரில் செருப்பில்லாத அந்தக் கால்கள் இரண்டும் ஒரு பக்கம்.

"துவாதசி வேணாம் மாமி. சாதாரண நாளா பார்த்துப் போங்க."

"ஏன்?"

சொல்லிவிட்டேன். ஸ்டூலை நகர்த்திப் போட்டேன், அவர் உட்காரவில்லை. "அந்தோணிக்கு இது எப்போ தெரியும்?" என்று கேட்டார்.

"உங்க வீட்டுக்கு வந்தோமே, அதுக்கு முந்தின நாளே தெரியும் மாமி."

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை கடை போன் அடித்தது. செங்கல்பட்டிலிருந்து அந்தோணி. குரலே சரியில்லை.

"ஏன்யா சொன்ன? மாமி பஸ் ஏறி வந்துக்கீறாங்க. சார் மாதிரி இல்ல, குளிச்சிட்டு வந்துக்கீறாங்க பா. எதிர்ல கைய நீட்டிக்கினு உக்காந்துக்கினு அழுவுறாங்க. என்னால ஊசி போட முடியலபா."

அவன் அழுது முடிக்கும் வரை ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.