கொடியில் காய்ந்த யூனிபார்ம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்தில் ஒரு பகல் நேரம். கூட்டேரிப்பட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தெரு. வாசலில் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கி, எதிர்வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, "அவங்க வூடு எதும்மா?" என்றார்.

முந்தின வாரம்தான் கூழ் ஊற்றும் திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டுவதில் தகராறு. எதிர்வீட்டுக்காரர் யாரையோ சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தார். ஆளைத் தூக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். போலீஸ்காரர் கையிலிருந்த காகிதத்தைப் பிரிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"அவங்க காலி பண்ணிக்கினு போயிட்டாங்க சார். பெங்களூர்ல கட்டட வேலை. ஆறு மாசம் ஆவுது."

வீடு பூட்டித்தான் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை எடுக்கப் போயிருந்தார்கள். ஆனால் அவர்கள் வாசல் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். "அது எங்களுதுங்க" என்றேன், ஊசியைக் கீழே வைக்காமலே. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு குடும்பத்தையே காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கியது.

சாயங்காலம் அந்த வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கையைப் பிடித்து இழுத்து ரகசியமாக நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அத்தை, அவங்க எங்க அப்பாவுக்காக வரல. என் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்தவங்க!"

திண்டிவனத்தில் அரசுப் பள்ளியில் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். பழைய சைக்கிள் சக்கரத்தை வைத்து மல்லாட்டை உடைக்கும் மெஷின் ஒன்று செய்து, போட்டியில் ஜெயித்தது எங்களுக்கெல்லாம் தெரியும். முதன்முதலில் அதைக் கையால் சுழற்றிப் பார்த்ததே நான்தான். ஆனால் ஜெயித்த பிள்ளைகளை ஒரு வாரம் ஜப்பானுக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போகிறார்கள் என்பதை, கண் பட்டுவிடும் என்று அவள் அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த வீட்டில் ஆளே இல்லை என்று போலீஸ்காரர் எழுதி அனுப்பிவிட்டால் பாஸ்போர்ட் எப்படி வரும்? மற்ற பிள்ளைகள் விமானம் ஏறும்போது இவள் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பரவால்ல அத்தை, நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். வாழ்க்கையில் முதல் தடவை. எதைக் கட்டிக்கொண்டு போவது என்று தெரியாமல், கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தேன். பொய் சொன்னதற்கு என்னை உள்ளே உட்கார வைத்தாலும் வைக்கட்டும், பெண் போய் வந்தால் போதும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

அதே போலீஸ்காரர்தான் இருந்தார்.

"சார், நேத்து நான் சொன்னது அத்தினியும் பொய்யி. இந்தப் பொண்ணு எங்க எதிர் வூடுதான். என்னை என்னா வேணா பண்ணுங்க, அது படிப்பைக் கெடுத்துடாதீங்க" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் நிதானமாக ஒரு காகிதத்தை எடுத்தார். "ஆறு மாசத்துக்கு முன்னாடி ஊரை வுட்டுப் போனவங்க யூனிபார்ம்ல நேத்தும் தண்ணி சொட்டிக்கினு இருந்துச்சேம்மா! இன்னொரு வாட்டி வந்து பாத்துக்கலாம்னுதான் ஒண்ணும் எழுதல" என்றார். ஸ்டேஷனே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வழிய வழிய.

பிறகு அந்தக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணும். மொதக் கையெழுத்து நீங்கதான். அந்த வூட்ல இவங்க இருக்காங்கன்னு நீங்களே எழுதிக் குடுங்க."

எழுதிய அவசரத்தில் என் பெயர் கோட்டை விட்டு மேலே ஏறிப் போனது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாஸ்போர்ட் வந்தது. ஜப்பானுக்கும் போய் வந்தாள். அங்கே என்னவெல்லாம் பார்த்தாய் என்று கேட்டேன். பெரிய கட்டடம், வேகமாக ஓடும் ரயில் என்று சொல்வாள் என்று நினைத்தால், "ஒரு பட்டறையில எங்க கையிலயே மெஷினைக் குடுத்து, கழட்டி மாட்டுங்கன்னு வுட்டுட்டாங்க அத்தை. தொடாதன்னு ஒருத்தரும் சொல்லல" என்றாள். சொன்னதோடு விட்டாளா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தையல் மெஷினைக் கழற்றிப் பரப்பிவிட்டாள். திரும்ப மாட்டி முடித்தபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம். மெஷின் என்னவோ முன்பைவிட நன்றாகத்தான் ஓடுகிறது. அந்த ஸ்க்ரூவை ஊசி டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது அவள் இன்ஜினியரிங் படிக்கிறாள். தெருவில் காக்கிச் சட்டையைப் பார்த்தால் எனக்கு இன்றும் பயம்தான். ஆனால் என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் பதில் சொல்கிறேன். நான் இதுவரை சென்னையைத் தாண்டியதில்லை. ஆனாலும் ஒரு பெண் கடல் தாண்டிப் போய்ப் படித்து வர, இவள் எங்கள் தெருப் பிள்ளைதான் என்று எழுதிக் கொடுத்த கை இது என்று நினைக்கும்போதெல்லாம், கொக்கியும் காஜாவும் வைத்தே பழகிய இந்தக் கையின் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்துவிடுகிறது.