தோட்டத்துக்காரர் நிறுத்தம்

அழுத்தமானியின் கண்ணாடி மேல் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. நகப்பூச்சால் போட்ட கோடு. ஊசி அதைத் தாண்டினால் குழாய் தாங்காது. கோடு போட்டவர் என் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். நங்கை நகப்பூச்சு வாங்கியது அந்த ஒரு தடவைதான் என்று அண்ணன் சொல்வார்.

வறண்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் தண்ணீரை அழுத்திச் செலுத்திப் பாறையில் விரிசல் திறக்கும் வேலை, தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ப் பக்கம் புதிது. நங்கை புவியியல் படித்தவர். துளையின் எந்த ஆழத்தில் ரப்பர் அடைப்பை உப்பவைத்து மூடுவது, அதற்குக் கீழே என்ன வேகத்தில் தண்ணீரைத் தள்ளுவது, எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொரு கிணற்றுக்கும் தனித்தனியே திட்டம் போடுவது அவர் பொறுப்பு. நான் அப்போது கோவையில் ஒரு நாளிதழின் நிருபர். செய்தி எழுதலாமென்று ஒருநாள் அவருடைய பம்பு லாரியில் உடுமலைப்பேட்டைப் பக்கம் போனேன்.

அங்கே தென்னந்தோப்பு வைத்திருந்த தோட்டத்துக்காரர் பம்ப்செட் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். தோப்பில் பாதி மரங்களில் மட்டை தொங்கிவிட்டது. வேலிக்கு அப்பால் அவருடைய தம்பியின் தோட்டம். தம்பியின் கிணற்றில் தண்ணீர் இருந்தது. அண்ணன் நிலத்தில் பாறையை உடைத்தால் தன் தண்ணீர் அங்கே ஓடிவிடும் என்று தம்பி பயந்தார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. காலையிலிருந்து வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். தோட்டத்துக்காரர் நங்கையிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார்: "தம்பி தண்ணி எறங்குச்சுன்னா, எம்பட போரை மூடிப்போட்டுப் போயிருங்க அம்மணி."

துளையின் மேல்பகுதியில் ஏற்கெனவே ஒரு விரிசல் இருந்தது. அதை அகலப்படுத்துவது சுலபம். ஆனால் தம்பியின் கிணற்றுக்குத் தண்ணீர் வருவதும் ஏறக்குறைய அதே ஆழத்தில்தான். நங்கை அதை விட்டுவிட்டு, வெகு கீழே, விரிசலே இல்லாத கருங்கல்லைத் தேர்ந்தெடுத்தார். அது திறப்பதற்குள் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடலாம். அப்படியானால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். இதை இருவரிடமும் சொன்னார். பிறகு நீர்மட்டம் அளக்கும் நாடாவைத் தம்பியின் கையிலேயே கொடுத்தார். "உங்க தண்ணிய நீங்களே பாத்துக்குங்க."

எஞ்சின் ஓடியது. ஊசி ஏறியது. கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்று நடுங்கியது. பிறகு சட்டென்று இறங்கியது.

பம்புகளைச் சோதித்தே வயதான மனிதருக்கு ஊசி இறங்கினால் ஒரே பொருள்தான்: குழாய் வெடித்துவிட்டது. தோட்டத்துக்காரர் பாய்ந்துபோய் எஞ்சினை நிறுத்தினார். "ஓஸ் போச்சுங்க," என்றார்.

லாரி ஓட்டுநர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏனுங்ணா, பாறை தொறக்கறப்பத்தானுங்களா நிறுத்துவீங்க? கலியாண ஊட்டுல தாலி கட்டறப்ப மேளத்தப் புடுங்குன மாதிரி." தோட்டத்துக்காரரின் முகம் வெளிறியது.

நங்கை இருவரையும் பார்க்கவில்லை, ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் வெடித்திருந்தால் அது ஒரே அடியாகப் பூஜ்யத்துக்கு வந்திருக்கும். இதுவோ சற்று விழுந்து, எஞ்சின் நின்றபின் மெல்ல, மிக மெல்ல இறங்கியது. தண்ணீர் பாறைக்குள் போய்க்கொண்டிருந்தது. மீண்டும் எஞ்சினைப் போடச் சொன்னார். இம்முறை ஊசி கோட்டின் பக்கமே போகாமல் பாதியில் நிலைத்தது. ஒருமுறை திறந்த பாறை மறுபடி அவ்வளவு முரண்டு பிடிக்காது.

"நீங்க நிறுத்துனதும் நல்லதாப் போச்சுங்க," என்றார் நங்கை. "இல்லீன்னா பாறை தொறந்துச்சா, அடைப்புல கசிஞ்சுச்சான்னு எனக்கே சந்தேகமா இருந்திருக்கும்."

மோட்டாரை இறக்கித் தண்ணீரை எடுத்தார்கள். கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. நின்றுவிடவில்லை. தோட்டத்துக்காரர் தன் தண்ணீரைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. வேலிக்கு அப்பால் குனிந்து குனிந்து நாடாவை விட்டுக்கொண்டிருந்த முதுகைத்தான் பார்த்தார். வெயில் தாழ்ந்த பிறகு தம்பி நிமிர்ந்தார்.

"எறங்கலீங்ணா."

"சரி, வந்து காப்பி குடி," என்றார் அண்ணன்.

அதற்குப் பின் நங்கையின் திட்டங்கள் எல்லாவற்றிலும், பாறை திறந்ததும் எஞ்சினை நிறுத்தி ஊசியைக் கவனிக்கும் ஓர் இடைவெளி இடம்பெற்றது. லாரிக்காரர்கள் அதற்குத் தோட்டத்துக்காரர் நிறுத்தம் என்று பெயர் வைத்தார்கள்.

நங்கை ஓய்வுபெற்றுச் சரவணம்பட்டியில் இருக்கிறார். களிப்பாறையைப் பிளந்து எடுக்கும் ஷேல் எரிவாயு பற்றிக் கட்டுரை எழுதுவதற்காக அண்மையில் சில தாள்களோடு அவரிடம் போனேன். எங்கோ வெளிநாட்டில், எங்கள் கிணறுகளைப் போலப் பல மடங்கு ஆழத்தில், மணலும் ரசாயனமும் கலந்த தண்ணீரால் பாறையைத் திறப்பதற்கு முன் செய்த சோதனையின் வரைபடம் அதில் இருந்தது. கோடு செங்குத்தாக ஏறி, விழுந்து, மெல்லச் சரிந்து, மறுபடி ஏறிப் பாதியில் நின்றது. நங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தச் சரிவின் மேல் விரலை வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, நம்ம தோட்டத்துக்காரர் இங்கயும் வந்துட்டாரு பாருங்க."

மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. பறக்காதிருக்க, மேசையில் கிடந்த பழைய அழுத்தமானியை எடுத்து அதன் மேல் வைத்தார். ஊசி பூஜ்யத்தில் கிடந்தது. நகப்பூச்சு இன்னும் உரியவில்லை.