கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கம்மா

மைக்கம்மாவின் குரல்தான் எனக்கு முதலில் பழக்கம்; முகம் அப்புறம். பட்டம் வாங்கிய கையோடு வேலையில் சேர வந்தவன், பேருந்து நிலையத்தில் தவறான நடைமேடையில் பெட்டியோடு விழித்துக்கொண்டிருந்தேன். "நீலச் சட்டைத் தம்பி, உங்க வண்டி எதிர்ப்பக்கம்!" என்று ஒலிபெருக்கி அதட்டியது. பிறகொரு நாள் நன்றி சொல்லப் படியேறினால், அவ்வளவு பெரிய குரலுக்குச் சொந்தக்காரரான நிலைய அறிவிப்பாளர் கண்ணாடி அறைக்குள், தரையில் கால் எட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரும் அவர் மகளும் சொல்லச் சொல்லக் கேட்டது இது.

மைக்கம்மாவின் கணவர் லாரி ஓட்டுநர்; மாதத்தில் பாதி சாலையில்தான். வீட்டில் தாயும் மகளும் மட்டும். மகளுக்குப் பதினைந்து வயதானதும் வாயில் பூட்டு விழுந்தது. கேட்டதற்கு ஒரு "ம்". கேட்காததற்கு அதுவும் கிடையாது. ஊருக்கெல்லாம் வழி சொல்லும் மைக்கம்மாவுக்குச் சாத்திக் கிடந்த அந்த ஒரு கதவுக்கு வழி தெரியவில்லை.

ஒரு காலை, கரண்டியை வாயருகே பிடித்து, வேலைக் குரலை எடுத்தார்.

"பயணிகள் கவனத்துக்கு! குளியலறை போகவேண்டிய வண்டி போர்வைக்குள்ள பழுதாகி நிக்குது!"

"தள்ளிவிட ஆள் அனுப்புங்க!" என்றது போர்வை.

மைக்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து பால் வாங்குவதற்கும் அறிவிப்பு, துணி மடிப்பதற்கும் அறிவிப்பு. மகள் பயணியாகிப் புகார் கொடுப்பாள். அப்படியொரு கூத்துக்கு நடுவேதான், பள்ளி ஓட்டப்பந்தய அணியில் தன்னை எடுக்கவில்லை என்று மெல்லச் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லாத சேதி.

இரண்டு நாள் கழித்து, வேறு பள்ளியில் படிக்கும் தோழிகளோடு அவள் மூன்றாம் நடைமேடையில் நின்றாள். முகம் வாடியிருந்தது. சிரிக்கவைப்போமே என்று மைக்கம்மாவின் விரல் தானாக மைக்கின் பொத்தானுக்குப் போய்விட்டது.

"மூணாம் நடைமேடையில முகத்தைத் தூக்கி வச்சிருக்கிற விரைவு வண்டிக்கு ஒரு செய்தி. அணியில இடம் கிடைக்கலைன்னா என்ன, அம்மா மடியில இடம் இருக்கு!"

நிலையமே சிரித்தது.

"உன்னை எடுக்கலையா? எடுத்துட்டாங்கன்னு சொன்னியே!" என்றாள் ஒரு தோழி.

மகள், வந்து நின்ற பேருந்தில் ஏறாமல் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு "ம்" கூட வரவில்லை. கரண்டியை எடுத்தால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த மைக்கம்மா, கடைசியில் அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். குரல் தணிந்து வந்தது.

"என்னை நம்பிச் சொன்னதை ஊருக்கே சொல்லிட்டேன்டி. தப்புதான். என்ன தண்டனைன்னு நீயே சொல்லு."

வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு விரலளவு திறந்தது.

"ஒரு வாரம் என்கிட்ட பேசக்கூடாது."

"ஒரு வாரமா? வாய் செத்துப்போயிடுமே!"

"பாரு, இப்பவே பேசற."

மைக்கம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் சாப்பிடக் கூப்பிட வேண்டும். வயிற்றைத் தட்டி, தட்டைக் காட்டி, பசியில் மயங்குவதுபோல நாற்காலியில் சரிந்தார். மகள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், சிரிப்பு பீறிட்டுவிட்டது.

"நடிப்பு படு மட்டம்!"

அன்று மாலை அவள் கண்ணாடி அறைக்கு எதிரே நின்று, காற்றில் எழுதினாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி எழுதினாள். கணக்கு வாத்தியாருக்குச் சளி! மைக்கம்மா மேலிருந்து தும்மிக்காட்ட, மகள் கட்டைவிரலை உயர்த்தினாள். சுற்றி அத்தனை பேர் நின்றும் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மகளுக்குப் பிடித்ததே அதுதான்.

வாரம் முடிந்தும் ஆட்டம் முடியவில்லை. மற்றவர் காட்டும் சைகையைத் தப்பாகக் கண்டுபிடித்தவர் பாத்திரம் கழுவ வேண்டும். பெரும்பாலும் மைக்கம்மாதான் கழுவினார்.

அடுத்த ஆண்டு ஒருநாள், மகள் நடைமேடையில் நின்று ஓடுவதுபோலக் காட்டினாள். பிறகு தோளைத் தொங்கப்போட்டாள். இந்த முறையும் எடுக்கவில்லை. மைக்கம்மாவின் விரல் பொத்தான் பக்கமே போகவில்லை. உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்து, அடுத்த பேருந்து வரும்வரை அப்படியே வைத்திருந்தார். மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இப்போது மகள் வேறொரு நகரத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மைக்கம்மா அதே கண்ணாடி அறையில் மாலை ஷிப்ட் பார்க்கிறார்.